பெரியவரின் டேப்லெட்டும் சுணைக்குப் போட்ட மாத்திரையும்

வயதானவர்கள் வீடியோ கேம் ஆடினால் மறதி நோய் அண்டாது என்ற பேச்சு வாட்ஸாப் வழியாக டெல்டா கிராமங்கள் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. நான் கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவே வீடு வீடாகப் போய் வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். முட்டி வலிக்கும் பக்கவாதத்துக்கும்தான் கூப்பிடுவார்கள், ஆனால் பயிற்சி முடிந்து காபி வரும்போது இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். ஒரு வீட்டில் கேள்வியோடு நிற்காமல் நோட்டுப் போட்டு எழுதியே பார்த்தார்கள். அங்கே நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். பெரியவரும் வீட்டாரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன், ஊரும் வேறு சில அடையாளங்களும் இதில் இல்லை.

ஆள் யார், புகார் என்ன

எழுபதைத் தாண்டியவர். நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது மா சொந்த நிலம், அதாவது வெளியூர்க்காரர்கள் கணக்கில் சுமார் மூன்று ஏக்கர். மகன் குவைத்தில். மருமகளும் ஒன்பதாவது படிக்கும் பேத்தியும் இவரோடும் இவர் மனைவியான அப்பாயியோடும் ஊரில் இருக்கிறார்கள். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, அதற்கான மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் மூலமாக மாதாமாதம் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். நான் போனது வலது முட்டிக்காக.

மாசி மாதம் மருமகள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மாமா மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார், கேட்டதையே திரும்பக் கேட்கிறார், பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுகிறார், பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கேயோ போய்விடுகிறார். இதெல்லாம் எழுபதில் நடப்பதுதானே என்று விட்டிருப்பார்கள். வீட்டைப் பயமுறுத்தியது சிப்பக் கணக்கு. நாற்பது கிலோ சிப்பம், அதாவது நெல் மூட்டை, நூற்று முப்பத்தேழு என்றால் 54 குவிண்டால் 80 கிலோ என்று வாயெடுப்பதற்குள் சொல்லிவிடும் மனுஷன், வேலையில் இருந்த காலம் முழுக்க இதையே செய்தவர், தன் சொந்த நெல்லுக்குக் கணக்குப் போடப் பேப்பர் கேட்டிருக்கிறார். பேப்பரிலும் தப்பு.

தஞ்சாவூரில் ஒரு மருத்துவரிடம் காட்டினார்கள். மோக்கா என்கிற முப்பது மதிப்பெண் சோதனையின் தமிழ் வடிவத்தை வைத்துப் பார்த்தார்கள். கடிகாரம் வரைவது, கனசதுரத்தைப் பார்த்து வரைவது, ஐந்து சொற்களைக் கேட்டுக்கொண்டு சற்றுப் பொறுத்துத் திரும்பச் சொல்வது, இப்படிப் போகும். வரம்புக்குக் கொஞ்சம் கீழே வந்தது. தைராய்டும் பி12-ம் சரியாக இருந்தன. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 இறங்கிப்போவது உண்டு, அதனால் அதைப் பார்த்தது நல்லதுதான். லேசான அறிவாற்றல் குறைபாடாக இருக்கலாம், ஆறு மாதம் போகட்டும், மறுபடி பார்ப்போம், காதையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள் என்றார் மருத்துவர். எனக்குக் காதெல்லாம் நன்றாகக் கேட்கிறது, நீங்கள்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறீர்கள் என்று சொல்லிப் பெரியவர் அந்தக் கடைசிப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டார்.

என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று மருத்துவர் கேட்டபோது அப்பாயி சர்க்கரை, பிரஷர் அட்டைகளை எடுத்துக் காட்டியிருக்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

குவைத்திலிருந்து வந்த யோசனை

மகன் ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினார். கூடவே ஒரு மூளைப் பயிற்சி ஆப்புக்கு வருடச் சந்தா கட்டப்போவதாகச் சொல்லி, கட்டலாமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியதாயிற்று.

இந்த ஆசைக்கெல்லாம் பெரிய உரம் போட்டது 2013-இல் நேச்சர் இதழில் வந்த நியூரோரேசர் ஆய்வு. சான் பிரான்சிஸ்கோவில் ஆடம் கஸாலியின் குழு செய்தது. வளைந்து நெளிந்த சாலையில் காரை ஓட்டிக்கொண்டே, திரையில் திடீர் திடீரென்று வரும் அடையாளங்களில் சொன்ன நிறமும் வடிவமும் சேர்ந்து வந்தால் மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். 60 முதல் 85 வயது வரை உள்ளவர்கள் ஒரு மாதத்தில் மொத்தம் 12 மணி நேரம் ஆடினார்கள். அதற்குப் பிறகு, பயிற்சியே இல்லாத இருபது வயதுக்காரர்களை அந்த விளையாட்டில் மிஞ்சினார்கள், ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் திறமை போகவில்லை. கவனத்திலும், சற்று நேரம் மனத்தில் வைத்திருக்கும் நினைவிலும்கூட முன்னேற்றம் தெரிந்தது. நல்ல ஆய்வுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது ஒரு சின்னக் குழு, அதற்கென்றே செய்த ஒரு விளையாட்டு. அதைக் காட்டிக் கடையில் கிடைக்கும் எல்லா ஆப்பையும் விற்றால் எப்படி?

விற்றதற்கு அபராதமும் விழுந்திருக்கிறது. வயது காரணமாக வரும் மறதியைத் தடுக்கும் என்கிற மாதிரி விளம்பரம் செய்த லுமோசிட்டி நிறுவனம், அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதற்கு முன் 2014-இல் ஸ்டான்ஃபோர்டும் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் சேர்ந்து, இந்த விளையாட்டுகள் மூளை மங்குவதைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் போதாது என்று ஒரு கூட்டறிக்கை விட, நூற்றுக்கும் மேற்பட்ட வேறு விஞ்ஞானிகள் சில வாரங்களிலேயே மறுப்புக் கடிதம் எழுதினார்கள். ஆக, ஆய்வாளர்களே ஒத்துப்போகாத சங்கதி இது.

இருக்கும் ஆய்வுகளில் பெரியவற்றில் ஒன்று ஆக்டிவ் என்கிற அமெரிக்க ஆய்வு. 65 வயதும் அதற்கு மேலும் உள்ள 2,832 பேர். நினைவாற்றல், காரண அறிவு, வேகமாகப் பார்த்துப் புரிந்துகொள்வது என மூன்று வகைப் பயிற்சி, ஒவ்வொன்றும் பத்து வகுப்பு அளவில். பத்து வருடம் கழித்து வேகப் பயிற்சி எடுத்தவர்களிடம் மட்டும் மறதி நோய் 29 சதவீதம் குறைவாக இருந்ததாக 2017-இல் எழுதினார்கள். நினைவாற்றல் பயிற்சி எடுத்தவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை என்பதைக் கவனியுங்கள், நம் ஊரில் எல்லோரும் தேடுவது அதைத்தான். இதிலும் மறதி நோய் என்று கணக்கில் எடுத்தது மருத்துவமனையில் முறையாகக் கண்டறிந்ததை வைத்து இல்லை, பேட்டியும் சோதனை மதிப்பெண்ணும் வைத்து.

சந்தா வேண்டாம், சும்மா கிடைக்கும் விளையாட்டே போதும் என்று சொன்னதற்கும் கொஞ்சம் ஆதாரம் உண்டு. 2020-இல் கலிபோர்னியாவில் 60 முதல் 80 வயதுக்காரர்களை நான்கு வாரம் ஆங்கிரி பேர்ட்ஸும் சூப்பர் மரியோவும் ஆடவைத்துப் பார்த்தார்கள். சாலிட்டேர் சீட்டு ஆடியவர்களைவிட இவர்களுக்கு, பார்த்த படத்தையும் அதே மாதிரி இருக்கும் வேறு படத்தையும் பிரித்தறிவது மேம்பட்டது. புது இடம், புது விதி, எதிர்பாராதது, இவைதான் வேலை செய்கின்றன போலிருக்கிறது. அப்படிப் பார்த்தால் தெரிந்த விளையாட்டையே தினமும் ஆடுவதில் பெரிய பயன் இருக்காது.

சரி, ஆடிப் பார்க்கட்டும் என்றேன், வாக்குறுதி எதுவும் தராமல்.

பேத்தியின் நோட்டு

மே மாத விடுமுறையில் தொடங்கினார்கள். முதல் பாடு தொடுதிரையோடுதான். வயதான விரல் காய்ந்திருக்கும், திரை சட்டென்று ஏற்காது, ஏற்கவில்லையே என்று அழுத்திப் பிடித்தால் வேறு எதையாவது திறந்துவிடும். உள்ளங்கை பட்டுவிட்டால் பறவை தானாகப் பறந்துபோகும். பெரியவர் அதற்குச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. டேப்லெட்டை ஒரு மரப்பலகையில் சாய்த்து வைத்து, விரலை ஈரத்துணியில் ஒற்றிக்கொண்டு ஆட ஆரம்பித்த பிறகு பரவாயில்லை.

அடுத்தது விளம்பரம். ஒரு ஆட்டம் முடிந்தால் ஒரு விளம்பரம், மூடும் குறி எங்கே என்று தேடுவதற்குள் அடுத்த கடைக்குள் போய்விட்டிருப்பார். காசு வைத்து ஆடும் ரம்மி விளம்பரம் வேறு அப்போது வந்துகொண்டிருந்தது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறது, தமிழ்நாடு 2022-இலேயே தனிச்சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் சட்டத்தை நம்பி டேப்லெட்டைக் கையில் கொடுக்காதீர்கள். இந்த வீட்டில் இணையத்தைத் துண்டித்துவிட்டுத்தான் ஆடினார். பென்ஷன் கணக்கு இணைந்திருக்கும் போனில் எந்த விளையாட்டும் ஏற்றக்கூடாது என்பதில் நான் கறாராக இருந்தேன்.

ஆடியது மூன்று. பேத்தியோடு லூடோ, அது அதிர்ஷ்டம், கணக்கில் சேராது. ஆங்கிரி பேர்ட்ஸ். அப்புறம் கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஜோடி தேடும் ஒரு விளையாட்டு. இந்த மூன்றாவதற்குத்தான் பேத்தி நோட்டுப் போட்டாள், அவளுக்கே தோன்றிய யோசனை. ஒரே அளவுக் கட்டம், காலையில் காபிக்குப் பிறகு ஒரு ஆட்டம், சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு ஒன்று, முடிக்க எடுத்த நேரம். பக்கத்தில் ஒரு பத்தியில் சிப்பக் கணக்கு ஒன்று கேட்டு, சரி அல்லது தப்பு. அவளுக்கு அது தாத்தாவைச் சீண்டும் விளையாட்டு.

முதல் சில வாரம் நேரம் மடமடவென்று குறைந்தது. வீட்டில் சந்தோஷம் தாங்கவில்லை. ஜோடி தேடுவதில் கை தேறிவிட்டார் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை என்பது என் கருத்து, எந்த விளையாட்டையும் திரும்பத் திரும்ப ஆடினால் அந்த விளையாட்டு வரும். ஆடியது ஆட்டத்துக்கு உதவுவது வேறு, அது வாழ்க்கைக்குத் தாவுவது வேறு, இரண்டாவதுதான் அபூர்வம். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருந்தது. சிப்பக் கணக்கும் திரும்ப வந்தது. பகல் தூக்கம் போனது. மோட்டாரை மறக்கவில்லை. மகன் குவைத்திலிருந்து, பாத்தீங்களா சார், கேம் வேலை செய்யுது என்றார். மறுத்துச் சொல்ல என்னிடம் அப்போது எதுவும் இல்லை.

மேட்டூர் திறந்தது, குறுவை நட்டார்கள், ஆடி போனது, ஆவணி போனது, நோட்டில் எண்கள் அசையாமல் நின்றன.

புரட்டாசிக்குப் பிறகு

குறுவை அறுப்பு முடிந்து சில நாளில் காலை நேரங்கள் கூட ஆரம்பித்தன. சாயங்கால நேரம் அவ்வளவாகக் கூடவில்லை. பேத்திக்குத்தான் முதலில் கண்ணில் பட்டது, தாத்தா காலையில் ஒரு ஆள், சாயங்காலம் ஒரு ஆள் என்றாள். சிப்பக் கணக்கில் தப்பு வரிசையாக விழுந்தது, அதுவும் காலையில். மருமகள் பழைய பயத்தோடு போன் செய்தார், நோய் முற்றுகிறதா என்று.

மறதி நோய் இப்படிக் காலையில் வந்து சாயங்காலம் கிளம்பிப் போகாது. சொல்லப்போனால் அந்த நோய் உள்ள பலருக்குச் சாயங்காலம்தான் குழப்பம் கூடும். இவருக்குத் தலைகீழாக இருந்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ராத்திரி படுக்கும் முன் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். சாதம், மோர் என்றார்கள். மாத்திரை? சர்க்கரை, பிரஷர்தான். வேறு? ஒன்றும் இல்லை. சரி, தூங்கப் போகும் முன் வாயில் என்னவெல்லாம் போடுகிறார் என்று கேட்டபோதுதான் அப்பாயி, அது மாத்திரை இல்ல தம்பி, சுணைக்குப் போடுறது என்றார்.

டெல்டாவில் இருப்பவர்களுக்குச் சுணை என்றால் விளக்க வேண்டாம். அறுவடை மெஷின் வயலில் இறங்கினால் கிளம்பும் தூசி, தோலில் பட்டால் ராத்திரி முழுக்க அரிக்கும். பெரியவருக்கு அறுப்பு அன்று வயலில் நின்றாக வேண்டும், நிற்காவிட்டால் நெல் வீட்டுக்கு வராது என்பது போல. நின்றுவிட்டு வந்து மெடிக்கலில் சொல்லி ஒரு அட்டை வாங்கிவிடுவார். அரிப்பு நின்ற பிறகும், போட்டால் நல்ல தூக்கம் வருகிறதே என்று அட்டை தீரும்வரை, சில சமயம் அடுத்த அட்டையும்.

அட்டையைப் பார்த்தேன். குளோர்பெனிரமின், பழைய ரக அலர்ஜி மாத்திரை. சளி மருந்துகள் பலவற்றிலும் இதுவோ இதன் உறவுக்காரர்களோ இருப்பார்கள். இந்த ரகம் மூளைக்குள் போய் அசிட்டைல்கோலின் என்கிற வேதிப்பொருளின் வேலையை மறிக்கும். நினைவுக்கும் கவனத்துக்கும் அது முக்கியமான சரக்கு. அல்சைமர் நோய்க்குக் கொடுக்கும் டோனெபெசில் போன்ற மருந்துகள் செய்வது நேர் எதிர், அந்த அசிட்டைல்கோலினைச் சிதையவிடாமல் காப்பது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பியர்ஸ் பட்டியலில், வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டியவற்றில் இந்தப் பழைய ரகங்கள் இருக்கின்றன. இளவட்டத்துக்கு ஒரு ராத்திரித் தூக்கத்தோடு போய்விடும். எழுபதில் உடம்பு அதை மெதுவாகத்தான் வெளியேற்றும், காலையிலும் பாதி உள்ளேயே நிற்கும்.

வாய் காய்கிறதா என்று கேட்டேன், செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறார், சர்க்கரை கூடிவிட்டதோ என்று பார்த்தோம் என்றார்கள். ஒன்றுக்குப் போக முக்க வேண்டியிருக்கிறதா என்றேன். பெரியவர் மருமகள் இருக்கும் பக்கம் பார்த்துவிட்டு, ஆமா என்பது போலத் தலையை ஆட்டினார். இரண்டும் இதே மாத்திரையின் வேலைதான். ப்ராஸ்டேட் வீங்கியிருக்கும் வயதில் சிறுநீர் அடைத்தே போகலாம்.

மாத்திரையை நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் எனக்குக் கிடையாது. நோட்டையும் அட்டையையும் சேர்த்து அதே தஞ்சாவூர் மருத்துவரிடம் கொண்டுபோகச் சொன்னேன். அவர் நிறுத்தினார், அரிப்புக்குப் பூசும் மருந்து எழுதிக் கொடுத்தார். கார்த்திகை பாதிக்குள் காலை நேரமும் சாயங்கால நேரமும் பழையபடி பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. சிப்பக் கணக்கும் தேறியது.

இப்போது பின்னோக்கிப் பாருங்கள். முதல் புகார் மாசியில். சம்பா அறுப்பு தையில். நான் கேட்டதும் அப்பாயியே சொன்னார், போன தையிலும் போட்டார், பங்குனி கடைசியில் அட்டை தீர்ந்தது, பிறகு வாங்கவில்லை. அதாவது முதல் மோக்கா சோதனைக்குப் போன அன்று மாத்திரை உடம்பில் இருந்தது. சித்திரையில் மாத்திரை நின்றது, மே மாதம் டேப்லெட் வந்தது, ஜூனில் ஆள் தெளிந்தார், பேர் டேப்லெட்டுக்குப் போனது. புரட்டாசியில் விளையாட்டு அப்படியே தொடர்ந்தது, மாத்திரை மட்டும் திரும்ப வந்தது, தெளிவு போனது. போட்டால் மங்குகிறார், நிறுத்தினால் தெளிகிறார், இரண்டு தடவையும். ஒற்றை ஆளை வைத்து இதைவிட உறுதியாக எதையும் சொல்வது கஷ்டம்.

விளையாட்டு என்ன செய்தது

இதை வைத்து வீடியோ கேம் வீண் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்த விளையாட்டு இல்லாவிட்டால் இந்த மாத்திரை பிடிபட்டிருக்காது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, ஓர் எண்ணோடு முடியும் வேலை வேறு எது இருக்கிறது வீட்டில்? அப்பாயி பல்லாங்குழியில் இவரை ஓட ஓட விரட்டுவார், பதினாலு குழியிலும் எத்தனை முத்து இருக்கிறது, எந்தக் குழி பசு கட்டப்போகிறது என்று மனத்திலேயே வைத்திருப்பார், மூளைக்கு அது ஜோடிச் சீட்டைவிட நல்ல வேலை. ஆனால் அதில் நேரம் பதிவாகாது, இவர் மங்கியது இவர் தோற்றதிலேயே கலந்து போயிருக்கும்.

நோட்டு வைக்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை: கட்டத்தின் அளவை மாற்றாதீர்கள், முதல் மாத எண்களை நம்பாதீர்கள், ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள், கண் மருந்து விட்ட நாளையும் தூங்காத நாளையும் குறித்துவையுங்கள். பக்கத்திலேயே வாயில் போட்ட எல்லாவற்றையும், சளி டானிக், தூக்க மாத்திரை, மெடிக்கலில் சும்மா கேட்டு வாங்கியது உட்பட எழுதுங்கள். அந்தப் பத்திதான் முக்கியம். நோட்டு நோயைக் கண்டுபிடிக்காது, மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கண்டுபிடிக்கும்.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, கிட்டத்தட்ட 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான, லாசி-டாட் என்கிற முதியோர் ஆய்வின் மதிப்பீடு சொல்கிறது, நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். அவ்வளவு பேருக்கும் மாத்திரைதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. இந்தப் பெரியவருக்கே மீதி ஒன்று இருக்கலாம். மாத்திரை நிறுத்திய பிறகு செய்த மோக்காவில் வரம்பை எட்டினார், தாண்டிக் குதிக்கவில்லை, முன்பே ஒரு முறை எழுதிய சோதனை என்பதால் அதிலும் ஒன்றிரண்டைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

காது விஷயமும் நோட்டிலிருந்துதான் வெளியே வந்தது. ஜோடி சேர்ந்தால் டேப்லெட் மணி அடிக்கும், அது இவருக்குக் கேட்கவே இல்லை என்று பேத்தி எழுதி வைத்திருந்தாள். சோதித்தால் இரண்டு காதிலும் உச்சத் தொனி கேட்கவில்லை. கேட்காத சொல்லை எப்படித் திருப்பிச் சொல்வது, அந்த ஐந்து சொற்களில் எத்தனை காதில் விழுந்ததோ. 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் சொன்ன, மறதி நோய்க்கான மாற்றக்கூடிய 14 காரணங்களில் செவித்திறன் குறைவு முன்வரிசையில் இருக்கிறது. 2023-இல் வந்த அச்சீவ் ஆய்வில் காது கேட்கும் கருவி எல்லோருக்கும் பலன் தரவில்லை, ஆனால் மூளை மங்கும் ஆபத்து ஏற்கெனவே கூடுதலாக இருந்தவர்களுக்கு மூன்று வருடத்தில் அந்த வேகம் பாதியளவு குறைந்தது. சர்க்கரையும் பிரஷரும் உள்ள நம் பெரியவர் எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சந்தாவுக்கு வைத்திருந்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு மகன் கருவி வாங்கிக் கொடுத்திருக்கிறார். சாப்பிடும்போது கழற்றிவிடுகிறார், தன் மெல்லும் சத்தமே நாராசமாக இருக்கிறதாம். ஆங்கிரி பேர்ட்ஸை விட்டுவிட்டார். சீட்டும் லூடோவும் தொடர்கின்றன. தையில் சம்பா அறுப்பு வருகிறது, வயலில் நிற்காதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை என்பதால் முழுக்கைச் சட்டை, தலைப்பாகை, வந்தவுடன் குளியல், மருத்துவர் எழுதிய களிம்பு என்று மருமகள் ஏற்பாடு செய்துவிட்டார். பக்கத்து மெடிக்கலிலும் சொல்லி வைத்தாயிற்று, தாத்தா வந்து கேட்டால் கொடுக்காதீர்கள், எங்களுக்குப் போன் பண்ணுங்கள் என்று. மாசியில் மூன்றாவது மோக்கா.